வெறுங்கால் மடம்

காவியுடுத்திய பிரெஞ்சுச் சாமியார் ஆற்றங்கரையில் கிறிஸ்தவ மடம் தொடங்கிய நாள். முதல் ஐந்து துறவிகளில் நான்கு பேர் உள்ளே போய்விட்டார்கள். ஐந்தாவதாக வந்த அருளப்பனைச் சாமியார் வாசலில் நிறுத்தினார்.

"செருப்பை விட்டுவிடு, மகனே. இந்த நாட்டுத் துறவிகள் போல இனி நமக்கு என்றும் வெறுங்கால்தான்."

"கோயிலுக்குள்ள கழட்டிடுறேன் சாமி. ஊருக்குள்ள நடக்கையில வேணும். செருப்பு போட்டுத் தெருவுல நடந்ததுக்கு எங்க தாத்தாவை வேப்பமரத்துல கட்டி அடிச்சாங்க. நாங்க வேதத்துல சேர்ந்து கிறிஸ்தவங்க ஆனதே அதுக்கப்புறந்தான்."

உள்ளேயிருந்து பிள்ளைமார் வீட்டுத் துறவி ஒருவன் சிரித்தான். "நாங்கல்லாம் கழட்டலையாப்பா?"

"நீங்க கழட்டினா துறவும்பாங்க தம்பி. நான் கழட்டினா பயந்துட்டான்னுவாங்க."

சாமியார் அவன் தோளைத் தொட்டார். "ஆணவத்தோடு உள்ளே வர முடியாது. கழற்று, இல்லையென்றால் திரும்பிப் போ."

துறவியாவதற்கென்று பத்து வருடம் காத்திருந்தவன் அருளப்பன். குனிந்தான்.

மடத்துக்கு நிலம் கொடுத்த பண்ணையார் வாசல் பந்தலில் முதல் நாற்காலியில் இருந்தார். பக்கத்திலிருந்தவரிடம் சத்தமாகவே சொன்னார்.

"எங்க தாத்தா மரத்துல கட்டிவச்சுச் சொன்னதை, சாமி ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரேய்யா!"

அருளப்பனின் விரல்கள் செருப்பு வாரில் அப்படியே நின்றன.