வலப்பக்கமே நீண்ட பெட்டி

கணினித் திரை ஒன்றில் ஓர் எழுத்துப் பெட்டி இருந்தது. பரிசு வாங்கும் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக நடுத்திரையில் காட்டுவது அதன் வேலை. 'வாணி', 'கனி' என்று சின்னப் பெயர்கள் வந்தவரை ஒரு குறையும் இல்லை. 'திரிபுரசுந்தரி' வந்ததும் பெட்டி வலப்பக்கம் நீண்டு, கடைசி எழுத்து திரைக்கு வெளியே போய்விட்டது.

திரையில் நகரும் சுட்டியின் அம்புக்குறி பெட்டியை இடப்பக்கம் தள்ளி வைத்தது. இப்போது சின்னப் பெயர்கள் ஓரத்தில் ஒண்டி நின்றன. மறுபடி நடுவுக்கு இழுத்தால் திரிபுரசுந்தரி வெளியே போனாள்.

"எல்லாம் உன்னாலதான். அம்புக்குறி உன்னைப் பாதியா வெட்டிடட்டும்" என்று பெட்டி பெயரிடம் எரிந்து விழுந்தது.

"அந்தப் பொண்ணு பாதிப் பேரைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போகணுமா?" என்றது பெயர்.

அப்போது பெட்டியின் இடது மூலையில் கிடந்த சின்னப் புள்ளி வாய் திறந்தது.

"உன்னைத் திரையில பிடிச்சு நிறுத்துறது நான். நான் மூலையில இருக்கிறவரை நீ ஒரு பக்கமாத்தான் வளருவே. அம்புக்குறிகிட்ட என்னை நடுவுல வைக்கச் சொல்லு."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீ அவளைத் திட்டி முடிக்கணுமே."

அம்புக்குறி புள்ளியை நடுவுக்கு இழுத்து வைத்தது. பெட்டி இரண்டு பக்கமும் சமமாக விரிய, திரிபுரசுந்தரி முழுசாக நின்றாள்.

அடுத்து வந்தது அதைவிட நீளமான பெயர். பெட்டி அதைத் திட்டாமல் இரண்டு பக்கமும் விரிந்து இடம் கொடுத்தது.