ஜெர்மனா, பெல்ஜியமா?

"கையைப் பின்னால கட்டுய்யா. நாய் உன்னையே பாக்குது. சாடை காட்டற வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படி."

பெரியவர் போட்ட அதட்டலில், மைதான வேலிக்கு வெளியே நின்றிருந்த ஜெர்மன்காரர் திடுக்கிட்டார். ஏதோ விளக்கப் போகிறவர் மாதிரி ஒரு கையைத் தூக்கினார்.

"விளக்கமெல்லாம் அப்புறம். முதல்ல கட்டு."

கட்டிக்கொண்டார்.

ஜெர்மன்காரர் என்றால் ஜெர்மனியில் பிறந்தவர் இல்லை. ஜெர்மன் ஷெப்பர்டு நாயை விற்கக் கொண்டுவந்ததால் அந்தப் பெயர். பக்கத்தில் நின்றவர் கொண்டுவந்தது பெல்ஜியன் ஷெப்பர்டு. அதனால் அவர் பெல்ஜியம்காரர்.

போலீஸ் நாய்ப்படையில் ஒரே ஓர் இடம் காலி. இன்று எது ஜெயிக்கிறதோ, இனிமேல் படைக்கு அந்த இனம்தான் என்று அதிகாரி சொல்லிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் நாய் தேர்ந்தெடுக்கப் பெரியவரைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட அதிகம் ஒதுங்காத ஆள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஜெர்மன் ஷெப்பர்டுகளோடுதான் வாழ்ந்தார். இன்று இது தோற்றால், இந்தக் கொட்டடியில் இனி ஒரு ஜெர்மன் குரைக்காது.

அதற்காகச் சலுகை காட்டுவாரா என்றால், மாட்டார். சொந்த நிழல் பின்னால் வந்தாலே திரும்பி முறைக்கிறவர். படையில் அவருக்குச் 'சந்தேகம்' என்றுதான் பட்டப்பெயர்.

"எடையில கம்மி, வேகத்துல மின்னல்ங்க," என்று பெல்ஜியம்காரர் ஆரம்பித்தார். "சுவரைக் கண்டா ஏறும், ஜன்னலைக் கண்டா பாயும். போன போட்டியில கோப்பையே வாங்கியிருக்கு."

"கோப்பையில தண்ணியா குடிக்கப் போறோம்? ஒரு நிமிஷம் சும்மா நிக்குதா பாரு. வால்ல தீ வச்ச மாதிரி."

"வேலை குடுங்க, நிக்கும். வேலை இல்லேன்னா உங்க நாற்காலியைத் தின்னும்."

பெண் காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெரியவர் பக்கம் வந்தார். இன்று கட்டளை கொடுப்பது அவர்தான். "ஐயா, மோப்பத்துல ஜெர்மன்தான் பிரமாதம். ஒளிச்சு வச்ச பொருளை அவசரம் இல்லாம நேரா போய் எடுத்துச்சு. பெல்ஜியம் தாண்டி ஓடிட்டுத்தான் திரும்பி வந்துச்சு."

"இடுப்பு? ஜெர்மனுக்கு இடுப்பு மூட்டுலதான் எமன் உக்காந்திருப்பான்."

"ஓட விட்டுப் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு."

பெரியவர் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. "சரி, கட்டளையைப் பாப்போம். குரல் மட்டும்தான். இருட்டுல நம்ம குரல்தான் நாய்க்குப் போகும்."

"உட்கார்," என்றார் காவலர். சொல் முடியும் முன்னே பெல்ஜியம் உட்கார்ந்துவிட்டது. ஜெர்மன் காவலரின் முகத்தைப் பார்த்தது. தலையைச் சாய்த்தது. பிறகு வேலியைப் பார்த்தது.

"காது கேக்குதா அதுக்கு?"

"சீட்டி அடிச்சா திரும்புதே, ஐயா."

"அப்போ கொழுப்பு. வளத்தவனுக்கும் அதே கொழுப்புதான். வந்ததிலேர்ந்து ஒரு வணக்கம் சொன்னானா? வாயைத் திறக்காதவன் எதையோ மறைக்கிறான்."

கடைசியாகக் கடி. தடித்த பஞ்சு உறையைக் கையில் மாட்டிய காவலர் ஒருவர் திருடன் மாதிரி ஓடினார். பெல்ஜியம் அம்பாகப் பாய்ந்து கவ்வியது. "விடு" என்றதும் விட்டது.

அடுத்து ஜெர்மன். அது மோதிய வேகத்தில் 'திருடன்' மண்ணில் உருண்டார். வாய் நிறைந்த பிடி. பெரியவர் தன்னை மறந்து தொடையில் தட்டினார்.

"விடு," என்றார் பெண் காவலர். விடவில்லை. பெரியவரே உள்ளே ஓடினார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். அசையவில்லை. கடைசியில் 'திருடன்' கையை உருவிக்கொண்டு, உறையை நாயிடமே விட்டுவிட்டு எழுந்தார்.

ஜெர்மன்காரர் பரபரத்துப்போய்க் கையை எடுக்கப் பார்த்தார்.

"கை," என்றார் பெரியவர். மறுபடி கட்டிக்கொண்டார்.

"என்ன பெரியவரே, முடிவு?" என்றார் அதிகாரி.

பெரியவர் ஜெர்மனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சொன்னா விடாத நாய் வேணாம், சார். நாளைக்குத் தப்பான ஆளைக் கவ்விட்டா நாமதான் பதில் சொல்லணும். பெல்ஜியத்தையே எடுத்துக்குங்க."

அதிகாரி அங்கேயே போனில் தலைமையிடத்துக்குச் சொல்லி முடித்தார். பெல்ஜியத்தையும் அதன் வாயாடி முதலாளியையும் ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது.

பெரியவர் தளர்ந்துபோய் வேலியோரம் வந்தார். "மூக்கு இருந்துச்சு, பிடி இருந்துச்சு. சொல் கேக்க மட்டும் கத்துக்குடுக்கலியேய்யா. என் வாயாலேயே வேணாம்னு சொல்ல வச்சுட்டியே."

"தேர்வு முடிஞ்சுதுங்க, கையை எடுத்துக்குங்க," என்றார் காவலர்.

ஜெர்மன்காரர் மரத்துப்போன கையை முன்னால் கொண்டுவந்து, ஒரு விரலை உயர்த்தினார். மைதானத்தின் மறுகோடியில் இருந்த நாய் உறையைப் பொத்தென்று போட்டுவிட்டு ஓடிவந்தது. உள்ளங்கை தாழ்ந்தது, நாய் தரையோடு ஒட்டிப் படுத்தது. மணிக்கட்டு திரும்பியது; எழுந்து வந்து அவர் இடது காலோடு உரசி உட்கார்ந்தது.

"இதையே வாயால சொல்லிப் பழக்கியிருக்கக் கூடாதாய்யா?" பெரியவரின் குரல் இறங்கிவிட்டது.

ஜெர்மன்காரர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினார். பிறவியிலேயே பேச்சு வராதவர். அவர் நாய்க்குத் தெரிந்த கட்டளை அத்தனையையும், பெரியவர்தான் அவர் முதுகுக்குப் பின்னால் கட்டிவைத்திருந்தார்.