சுத்தமான ரத்தம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்குப் புஸ்பராணி அழத் தொடங்கினாள். டொக்டர் தட்சிணாமூர்த்தி இன்னும் உறையைக் கிழிக்கவேயில்லை.

அவள் கணவன் சீனித்தம்பி பக்கத்துக் கதிரையில் இருந்தான். 1983இல் ரொறன்ரோவுக்கு வந்த கையோடு முழங்கால் வலி என்று இதே டொக்டரிடம்தான் வந்தான். நாளுக்கு மூன்று குளிசை எழுதிக் கொடுத்தார். மூன்று வருடமாக, மாதம் தவறாமல் வந்து மருந்துச் சீட்டு வாங்கிப் போகிறான்.

அந்தக் குளிசையை நெடுநாள் குடித்தவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வரலாம் என்று போன மாதம் பத்திரிகையில் வந்தது. டொக்டரே பதறிப்போய் அழைத்து மூன்று குழாய் ரத்தம் எடுத்தார். முடிவு உறைக்குள் இருந்தது.

கட்டடத்தில் அன்று லிஃப்ட் பழுது. சீனித்தம்பி நான்கு மாடியும் படியில் ஏறி வந்திருந்தான், மூச்சு வாங்கவில்லை. அதே படியில் ஏறிய டொக்டர் தன் முழங்காலைத் தடவியபடி, மருந்து என்னவோ நன்றாக வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"அழாதீங்கம்மா. சந்தேகம்தான். எல்லாருக்கும் வந்துடாது," என்றார் மதுரைத் தமிழில்.

எழுபது வயதுக்காரர் குடித்தால் ஆபத்துக் கூடவா என்று புஸ்பராணி கேட்டாள். உங்கள் கணவருக்கு நாற்பத்திரண்டுதானே என்றார் டொக்டர். அவள் விரல் மடித்து எதையோ எண்ணினாள். எண்ணிக்கை மற்றக் கைக்கும் போனது.

நாளுக்கு ஒன்று மட்டும் குடித்தால் எப்படி, வெள்ளிக்கிழமை விட்டுவிட்டுக் குடித்தால் எப்படி என்று சீனித்தம்பி நிதானமாக விசாரித்தான். சாவைப் பற்றி இத்தனை அமைதியாகக் கேட்ட நோயாளியை டொக்டர் பார்த்ததில்லை. இதுதான் நம்முடைய தத்துவம் என்று வெள்ளைக்கார நர்ஸிடம் பிறகு சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார்.

உறையைக் கிழித்தார். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தார்.

"உங்க ரத்தம் சுத்தம், சீனித்தம்பி. மூவாயிரம் மாத்திரைக்கு மேல போயிருக்கும். ஆனா ஒண்ணுகூட முழுங்காத ஆளோட ரத்தம் மாதிரி இருக்கு."

வாழ்த்துச் சொல்லக் கை நீட்டினார். யாரும் பிடிக்கவில்லை. புஸ்பராணி இன்னும் பெரிதாக அழுதாள். கேளுங்க என்று கணவனை இடித்தாள்.

சீனித்தம்பி தொண்டையைச் செருமினான்.

"அதக் குடிச்ச ஒம்பது பேரின்ட ரத்தத்தையும் ஊருல இருந்து பார்சல்ல எடுப்பிச்சா, பாத்துச் சொல்லுவீங்களா டொக்டர்?"