நாற்பது சீட்டு தூரம்

சென்னை விமான நிலையத்து வேலியோரம் கிடந்த பலாத்தோலில் முட்டையிட்ட ஈ ஒன்று, பிரியாணி வாசனைக்கு மயங்கி ஒரு விமானத்தின் பின்வாசலில் நுழைந்ததாம். கடைசி சீட்டிலிருந்து முதல் சீட்டு வரை சாவகாசமாகப் பறந்து, முன்வாசலில் வெளியே வந்தால் லண்டன்! றெக்கை விறைக்கும் குளிர்.

"ஐயோ, முட்டை பொரிஞ்சு பிள்ளைங்க அம்மாவைத் தேடுமே!" என்று பதறியது.

அங்கே நின்ற புறா, "சென்னையா? கடல் தாண்டி, மலை தாண்டிப் போகணும் தாயி. உன்னால ஆகாது," என்றது.

"போங்கண்ணே, பறந்து வந்தவளுக்குத் தெரியாதா? நாற்பது சீட்டு தூரம்தான்."

ஈ மறுபடி உள்ளே புகுந்து, விர்ரென்று பின்வாசலுக்குப் பறந்து எட்டிப் பார்த்தது. அங்கேயும் லண்டன்தான். அதே புறா விழுந்து விழுந்து சிரித்தது.

"அவசரத்துல வேகமாப் பறந்துட்டேன் போல," என்று ஈ முதல் சீட்டுக்கே திரும்பிப் போய், இந்தத் தடவை ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. அதற்குள் கதவைச் சாத்தினார்கள், விமானமும் கிளம்பிவிட்டது. பின்வாசல் திறந்தபோது சுள்ளென்று சென்னை வெயில் அடித்தது.

பலாத்தோலில் பிள்ளைகள் அப்போதுதான் நெளியத் தொடங்கியிருந்தன.

"லண்டன்ல ஒரு புறா இருக்கு, கண்ணுங்களா," என்றது ஈ, முன்காலைத் தேய்த்துக்கொண்டே. "பாவம், அதுக்கு நிதானமாப் பறக்கத் தெரியாது."