செல்லும் ஓட்டு

ஜப்பான்காரன் ஆண்ட இரண்டாம் வருடம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சயாமில் அவன் போடும் ரயில் பாதை வேலைக்கு அடுத்து யார் போவது என்று பெயர் கொடுப்பவர் அந்தத் தலைவர்தான். சென்ற முறை பெயர் கொடுத்த கருப்பையா கங்காணியும், அவரை எதிர்த்து அருள்சாமியும் நின்றார்கள்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இருவருக்கும் ஆளுக்கொரு கூடையை, காலி என்று கவிழ்த்துக் காட்டிவிட்டு வைத்தார்கள். ஓட்டுக்கு ஆளுக்கு ஒரு கொழுந்து போட வேண்டும். கங்காணிக்குப் பயந்து அவர் கூடையில்தான் பெரும்பாலோர் போட்டோம்.

எண்ணியபோது அருள்சாமி ஜெயித்திருந்தார். அவர் கூடையின் அடியில் கருகிப்போய், ஆற்றுச் சேறு ஒட்டிய கொழுந்துகள் கிடந்தன. சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள் எத்தனை பேரோ, அத்தனை.

“இதெல்லாம் செல்லாது லா. யாரு போட்டது?” என்றார் கங்காணி.

மணியம்மா குனிந்து ஒன்றை எடுத்தாள். அதன் காம்பில் முடிச்சு இருந்தது. சயாமுக்குப் போன அவள் புருஷன் இருளப்பன் ஒருவன்தான் கொழுந்துக் காம்பில் முடிச்சுப் போடுவான்.

“இது செல்லும், கங்காணி” என்றாள்.

முடிச்சை மெல்ல அவிழ்த்தாள். உள்ளே காம்பு இன்னும் பச்சையாக இருந்தது.