அது வேற ஊசி

வலிக்கு ஒரு நம்பர் சொல்லச் சொன்னார் டாக்டர். வலியே இல்லையென்றால் சைபர், தாங்கவே முடியாதென்றால் பத்து.

“ரெண்டு” என்றாள் நவமணி.

“ஒம்பது, டாக்டர்” என்றாள் பக்கத்தில் நின்ற ஷாமினி.

நவமணிக்குச் சுருக்கென்றது. தம்பி பெண்டாட்டி, நேற்று வந்தவள், தன் வலிக்கு நம்பர் போடுகிறாள்!

இடுப்பில் கிளம்பும் வலி கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை சுண்டி இழுப்பது உண்மைதான். பள்ளிக் கேண்டீனில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்று சமைக்க முடியவில்லை. “வேற ஆள் பாக்கவா அக்கா?” என்று முதலாளியே கேட்டுவிட்டார். அதற்காக வலியை வெளியில் சொல்லிக்கொள்வதா? பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள்.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர், மலாயில் படபடவென்று பேசி, வாயில் நுழையாத ஏதோ ஒரு பேரைச் சொன்னார்.

“என்னவாம்?”

“முதுகெலும்புகிட்ட ஒரு ஊசி போடுவாங்களாம் அண்ணி. நரம்பு வீக்கம் வத்துனா கால் வலி கொறையுமாம். சில பேருக்குக் கொஞ்ச மாசந்தான் கேக்குமாம், பெறகு திரும்பப் போடணுமாம்.”

நவமணி நிமிர்ந்தாள். “முதுகுலயா? நீ பிள்ள பெக்கறப்ப போட்டுக்கிட்டியே, அந்த ஊசியா? அப்படின்னா எனக்கு வேணாம். வா, போலாம்.”

“அது வேற ஊசி அண்ணி. இது நரம்பு ஊசி.”

“அப்பச் சரி” என்று கையெழுத்துப் போட்டாள்.

ஊசி நன்றாகவே கேட்டது. மூன்று வாரம் கழித்து ஷாமினியின் மகன் ஷர்வினுக்கு நாலாவது பிறந்தநாள் வந்தபோது, தம்பியின் புந்தோங் வீட்டில் இருபது பேருக்கு மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டிப் போட்டது நவமணிதான். அதுவும் நின்றபடியே.

பெண்கள் தட்டும் கையுமாக உட்கார்ந்ததும், வருஷா வருஷம் அந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சொல்லும் கதையை எடுத்துவிட்டாள்.

“எங்கம்மா வெடியக்காலையில போயி பால்மரம் வெட்டிட்டு, வாளிய எறக்கி வச்சிட்டு வந்து என்னையப் பெத்தா. ஊசியாவது ஒண்ணாவது! எங்க வீட்டு மகாராணி முதுகுல ஊசி குத்திக்கிட்டு, போனப் பாத்துக்கிட்டே பெத்துப்புட்டா. வலி தாங்கத் தெரியல லா இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு!”

ஒரே சிரிப்பு. ஷாமினி குனிந்த தலை நிமிராமல் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு மாரியம்மா மட்டும் விடவில்லை. “நீயுந்தான போன மாசம் முதுகுல ஊசி போட்டுக்கிட்ட?”

“அது வைத்தியம்! நரம்பு ஊசி. இவ போட்டுக்கிட்டது சொகுசு ஊசி. சந்தேகமா இருந்தா அவளையே கேளு. அவதான கூட வந்தா?”

எல்லோரும் ஷாமினியைப் பார்த்தார்கள்.

“ஆமாக்கா, அது வேற ஊசி” என்று சொல்லிவிட்டு, மாரியம்மாவிடம் ஒரு துண்டு கேக்கை நீட்டினாள்.

பார்த்தாயா என்பதுபோல் நவமணி தலையை ஆட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஷாமினியோடு மறுபடி ஆஸ்பத்திரி. ஃபைலைப் புரட்டிய நர்ஸ் தமிழ்ப் பெண்.

“எபிடியூரல் போட்டு ஒரு மாசமாச்சு. இப்ப வலி எத்தன ஆன்ட்டி?”

“ரெண்டு.” இந்த முறை நிஜமாகவே ரெண்டுதான். “என்னமோ ஒரு பேரு சொன்னியே, அது என்னாம்மா?”

“எபிடியூரலா? பிள்ள பெக்கறப்ப வலி தெரியாம இருக்கப் போடுவாங்களே, அதே பேருதான், முதுகுல அதே எடந்தான். மருந்துதான் கொஞ்சம் வேற. வலி திரும்ப வந்தா இன்னொன்னு போட்டுக்கலாம் ஆன்ட்டி.”

கார் நிறுத்திய இடத்துக்கு நவமணி விடுவிடுவென்று நடந்தாள். வெட்கமாக இருந்தது. நாலு வருஷம் பேசிய பேச்செல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

“ஒனக்கு மொதல்லயே தெரியும்தான?”

“தெரியும் அண்ணி.”

“அன்னைக்கு அத்தன பேரு முன்னால நான் அப்படிப் பேசினேன். மாரியம்மாவும் வாயக் கிளறுனா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் மூஞ்சி செத்துப் போயிருக்கும். ஏன் சொல்லல?”

ஷாமினி கார்க் கதவைத் திறந்து, அவள் கால் இடிபடாமல் ஏறுவதற்குக் கை கொடுத்தாள்.

“சொல்லியிருந்தா, அடுத்த ஊசிக்கு நீங்க வரவே மாட்டீங்களே அண்ணி.”