காலை நேரத் திட்டு

"யோவ், ஜன்னலுக்கு உள்ள உட்கார்ந்துட்டா நீ என்ன பெரிய கொம்பனா?"

பயந்து தள்ளிப் போகாதீர்கள் கண்ணுகளா, கிட்டே வாருங்கள். இது சண்டை இல்லை. ஒரு மனைவி தன் கணவருக்குச் சமையலறையில் தருகிற பயிற்சி. விஷயத்தைச் சொல்கிறேன்.

அவர் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் குமாஸ்தா. வலியோடு வரிசையில் நிற்பவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். இவரும் பதிலுக்கு எகிறுவார். புகார்மேல் புகார். "இன்னொரு தடவை கத்தினா வேலையை மறந்துடுங்க" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஸ்டோயிக்குகள் என்ற பழைய கிரேக்க ஞானிகளைப் பற்றி எங்கோ படித்தார். அன்றைக்கு வரப்போகும் கசப்பைக் காலையிலேயே மனதுக்குப் பழக்கிவிட வேண்டுமாம். அடுத்தவர் வாய் நம் கையில் இல்லை, நம் பதில் மட்டும்தான் நம் கையில்.

"தினம் காலையில என்னை நல்லா திட்டும்மா. பழகிக்கிறேன்."

"இதுக்குன்னு தனியா வேற பழகணுமா? கல்யாணம் ஆனதுலேர்ந்து அதானே நடக்குது?"

சிரித்துக்கொண்டு ஆரம்பித்தது. போகப்போக அவளுக்கு அலுத்துவிட்டது, அவருக்கோ நன்றாகக் கைவந்துவிட்டது.

இன்றைக்கும் அந்தக் கொம்பனோடுதான் தொடங்கினாள். பிறகு, கத்தத் தெம்பில்லாதவள்போலச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"வயித்து வலி தாங்கலைன்னு எத்தனை நாளா சொல்றேன். ராத்திரி கண்ணே மூடலை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"உட்காருங்கம்மா, கூப்பிடுவாங்க" என்றார் அவர், செருப்பின் வாரை மாட்டியபடி.

"எப்போ? நான் போய்ச் சேர்ந்த அப்புறமா?"

"உங்க கஷ்டம் புரியுதும்மா."

"மனுஷன்தானா நீங்க?" அவள் குரல் உடைந்தது.

"அடேயப்பா, அழுகை வேற! பார்த்தியா, எனக்குள்ள ஒண்ணுமே அசையலை." உற்சாகமாகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இன்றைக்கு ஜன்னலில் நெரிசல். ஒருவர் கண்ணாடியைப் படபடவென்று தட்டினார். இன்னொருவர் இவருடைய குடும்பத்தையே இழுத்தார். இவர் முகத்தில் சின்னச் சுளிப்புகூட இல்லை. எழுதி எழுதி விரல் மரத்துப்போயிற்று. ஆனால் வேலை பிழைத்துவிட்டது என்று உள்ளுக்குள் நிம்மதி.

"அடுத்தது யாரு? பேர் சொல்லுங்கம்மா." தலை நிமிரவில்லை.

பேனாவை மட்டும் தயாராகப் பிடித்தார்.

"அம்மா, பேரு? என்ன தொந்தரவு உங்களுக்கு?"

காலையில் மேடையைப் பிடித்த அதே விரல்கள் இப்போது ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்தன.

"காலையில சொன்னதுதாங்க. அது பயிற்சி இல்லை."

உங்கள் வீட்டில் யார் முனகினாலும் அது இன்னொருவர் காதில் விழட்டும் கண்ணுகளா. எல்லோரும் நன்றாயிருங்கள்.